சென்னை மழையை ரேடாரில் படித்தல்

சென்னை ராஜாஜி சாலையில், துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டடத்து உச்சியில் ஒரு பெரிய வெள்ளை உருண்டை உட்கார்ந்திருக்கிறது. விவரம் தெரியாதவர் அதைத் தண்ணீர்த் தொட்டி என்று நினைக்கக்கூடும். அந்த உருண்டை ஓர் உறை மட்டுமே. உள்ளே கிண்ண வடிவ அலைவாங்கி ஒன்று ஓயாமல் சுழல்கிறது. 2002-இல் இயங்கத் தொடங்கிய இது, இந்திய வானிலைத் துறை நிறுவிய முதல் டாப்ளர் வானிலை ரேடார். இது பார்க்கும் வானத்தின் படம் ஏறத்தாழ 10 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு, கைப்பேசி வைத்திருக்கும் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. 2015 மழையின்போது, வானிலை மைய இயக்குநர் எஸ். ஆர். ரமணன் எப்போது தொலைக்காட்சியில் தோன்றுவார் என்று காத்திருந்த நகரம் இது. இன்று அதே நகரத்தில் மாடியில் வடகம் காயவைத்தவர்கூட ரேடார் படத்தைத் திறந்து பார்க்கிறார். படம் எளிதாகக் கிடைத்துவிட்டது. அதைப் படிப்பது அவ்வளவு எளிதல்ல. காரணம், அதில் தெரிவது மழை அல்ல, மழையில் பட்டுத் திரும்பிய அலை.

கிண்ணம் நுண்ணலைத் துடிப்பு ஒன்றை வெளியே அனுப்புகிறது. அந்தத் துடிப்பு நீடிப்பது நொடியின் பத்து லட்சத்தில் ஓரிரு பங்குதான். மீதி நேரமெல்லாம் ரேடார் வாய் மூடிக் காது கொடுத்துக் கேட்கிறது. வழியில் மழைத்துளிகள் இருந்தால் அலையின் மிகச் சிறு பகுதி திரும்பி வரும். நுண்ணலையின் வேகம் நொடிக்கு 3 லட்சம் கி.மீ. என்பதால், 150 கி.மீ. தொலைவில் உள்ள மழையின் எதிரொலி நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் வந்து சேரும். எடுத்துக்கொண்ட நேரம் தொலைவைச் சொல்கிறது. கிண்ணம் நோக்கிய திசை இடத்தைச் சொல்கிறது. கிண்ணம் ஒரு முழுச்சுற்று முடித்ததும் முகத்தைச் சற்று உயர்த்தி அடுத்த சுற்றைத் தொடங்கும். இப்படிப் பல சுற்றுகள் முடிந்தால்தான் வானத்தின் ஒரு முழு அளவெடுப்பு நிறைவு பெறும். அதனால், திரையில் தெரியும் படம் எப்போதும் சில நிமிடம் பழையது. பல படங்களில் அச்சாகியிருப்பது உலகப் பொது நேரம் என்பதையும் மறக்கக் கூடாது. அதனோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டாமல், வரப்போகும் மழையைப் பெய்து ஓய்ந்த மழை என்று எண்ணி ஏமாந்தவர்கள் உண்டு.

இரண்டாம் உலகப் போரில் ரேடார் முக்கியமாக விமானங்களையும் கப்பல்களையும் தேடப் பயன்பட்டது. மழையின் எதிரொலி அப்போது வேண்டாத குப்பை. கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய மார்ஷல், பால்மர் ஆகிய இருவர் அந்தக் குப்பையை அளக்கத் தொடங்கினார்கள். மழையில் எந்தப் பருமனுள்ள துளிகள் எத்தனை இருக்கும் என்பது பற்றி 1948-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை இன்றும் மழை ரேடாரின் அடித்தளமாக இருக்கிறது.

எதிரொலியின் வலிமையை டிபிஇசட் என்ற அலகில் சொல்கிறார்கள். படத்தின் ஓரத்தில் உள்ள நிறப்பட்டை அதற்கானதுதான். ஒரு துளி திருப்பி அனுப்பும் அலையின் வலிமை, அதன் விட்டத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. 1 மி.மீ. துளியைவிட 3 மி.மீ. துளியில் 27 மடங்கு தண்ணீர்தான் அதிகம். எதிரொலியோ 729 மடங்கு. ஆகவே சில பெரிய துளிகளும் ஏராளமான சிறு துளிகளும் ரேடாருக்கு ஒன்றுபோலவே தெரியலாம். தரையில் விழும் தண்ணீர் மட்டும் வேறுபடும்.

இந்த நுணுக்கம் சென்னைக்கு மிக முக்கியம். மார்ஷல், பால்மர் வழியில் வந்த வழக்கமான சமன்பாட்டின்படி 30 டிபிஇசட் என்றால் மணிக்கு 3 மி.மீ.-க்கும் குறைவான தூறல். 40 என்றால் 12 மி.மீ. அளவு, 50 என்றால் 49 மி.மீ. அளவு. அந்தச் சமன்பாடு குளிர்நாட்டு மழையிலிருந்து பிறந்தது. வெப்பமண்டல மழைக்கென அமெரிக்க ரேடார்களில் பயன்படும் வேறொரு சமன்பாட்டை எடுத்துக்கொண்டால், அதே 40 டிபிஇசட் மணிக்கு 22 மி.மீ. ஆகிறது, 45 டிபிஇசட் 24-இலிருந்து 56 மி.மீ.-க்குத் தாவுகிறது. வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. கடலிலிருந்து வரும் மேகங்கள் அதிக உயரமில்லாதவை, ஈரம் செறிந்தவை. ஆலங்கட்டியோ பெருந்துளியோ அவற்றில் அதிகம் இல்லை. திரையில் மிரட்டாத மஞ்சளாகத் தெரியும் பட்டை தெருவில் முழங்காலளவு தண்ணீரை நிறுத்திவிடும். சித்திரை, வைகாசி மாத இடிமழையோ இதற்கு நேர்மாறானது. திரை செக்கச்செவேலென்று இருக்கும். தரையில் பலத்த காற்று, கொஞ்சம் புழுதி, இருபது நிமிட மழை. நிறத்தை மட்டும் பார்த்துப் பயப்படுவதும் நிம்மதி அடைவதும் இரண்டுமே தவறாகப் போகும் இடம் இதுதான்.

வானிலைத் துறை வெளியிடும் படங்களில் பலரும் முதலில் திறப்பது 'மேக்ஸ் இசட்' என்ற படம். நடுவில் வரைபடம், மேல்புறத்திலும் வலப்புறத்திலும் இரண்டு பட்டைகள். பலர் அந்தப் பட்டைகளைக் கவனிப்பதே இல்லை. மேகத்தைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்பதை, 18 கி.மீ. உயரம் வரை அவை காட்டுகின்றன. நடுப்படத்தில் ஒரு புள்ளியின் நிறம், அந்த இடத்துக்கு மேலே எந்த உயரத்திலாவது கிடைத்த மிக வலுவான எதிரொலியைக் குறிக்கும். அது தரையில் விழும் மழையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கோடை இடிமேகத்தின் உச்சி பரந்து விரிந்து நகரத்தின் மேல் வந்து நிற்கும். படத்தில் நகரம் முழுவதும் நிறம் பூசியிருக்கும். கீழே ஒரு சொட்டும் விழாது. பக்கப் பட்டையில் எதிரொலி தரையைத் தொடாமல் அந்தரத்தில் தொங்கினால் குடை தேவைப்படாது. பட்டையில் தூண்போல 15 கி.மீ. வரை எழுந்து நின்றால் அது இடி மின்னலோடு வரும் மழை. அதே பட்டையில் குட்டையாக, தரையோடு ஒட்டி, அகலமாகத் தெரிந்தால் ஐப்பசி, கார்த்திகை மழை என்று கொள்ளலாம்.

சென்னை வானத்துக்கு இரண்டு வாசல்கள் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிழக்கு வாசல் திறந்திருக்கும். ஈசானிய மூலையிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மழை வரும். மே முதல் செப்டம்பர் வரை மேற்கு வாசல். நகரத்தின் ரேடாரைப் படிப்பவர் மாதத்தைப் பார்த்துத் திசையைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

மேற்கு வாசலின் ஒழுங்கு அழகானது. பிற்பகலில் ஜவ்வாது மலைப் பக்கமோ, வேலூர், ராணிப்பேட்டை வட்டாரத்திலோ, நகரி மலைகளிலோ சிறு புள்ளிகளாக எதிரொலிகள் முளைக்கும். அதே நேரத்தில் கடற்கரைக்கு இணையாக மெல்லிய மங்கலான கோடு ஒன்று நிலத்துக்குள் நகர்வதைக் காணலாம். அது மழையல்ல, கடற்காற்றின் முகப்பு. அங்கே மேலெழும் பூச்சிகளும் தூசியும்தான் ரேடாருக்குக் கோடாகத் தெரிகின்றன. மேற்கே பெய்யும் இடிமழையிலிருந்து கீழிறங்கும் குளிர்காற்றும் இதே போன்ற வில் கோடாகக் கிழக்கு நோக்கி வரும். இரண்டு கோடுகளும் சந்திக்கும் இடத்தில் புதிய மேகங்கள் வெடித்து எழும். அந்தச் சந்திப்பு அரக்கோணத்தில் நடந்தால் மழை அங்கேயே தீர்ந்துபோகலாம். பூந்தமல்லி, ஆவடி வரை வந்து நடந்தால் நகரத்துக்கு மழை உறுதி. 2023 ஜூன் 18 இரவு தொடங்கி மறுநாள் காலை வரை பெய்த இடிமழை மீனம்பாக்கத்தில் 15 செ.மீ.-ஐத் தாண்டியது. ஆனி மாதத்தில் சென்னைப் பள்ளிகளுக்கு மழை விடுமுறை கிடைத்த அபூர்வம் அது.

மேற்கிலிருந்து வரும் மழை எப்போது வந்து சேரும் என்பதற்கு ஒரு பள்ளிக்கூடக் கணக்கு போதும். மாலை 4.30 மணிப் படத்தில் அரக்கோணத்தின் மேல் இருந்த மழைமுகம், 4.50 மணிப் படத்தில் 10 கி.மீ. கிழக்கே வந்திருக்கிறது என்று கொள்ளலாம். வேகம் மணிக்கு 30 கி.மீ. கோயம்பேட்டுக்கு இன்னும் 45 கி.மீ. அளவு இருக்கிறது. அப்படியானால் 6.20 வாக்கில் மழை வரும். இந்தக் கணக்கு பாதி நாள் சரியாக இருக்கும், பாதி நாள் காலை வாரும். காரணம், தனி இடிமேகம் ஒன்றின் ஆயுள் ஏறத்தாழ அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். அரக்கோணத்தில் கண்ட மேகம் கோயம்பேட்டுக்கு வருவதே இல்லை. அதன் பிள்ளையோ பேரனோதான் வரும். வாரிசு இல்லாமல் போனால் மழையும் இல்லை. எனவே ஒரே ஒரு படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், ஐந்தாறு படங்களை வரிசையாக ஓட்டிப் பார்த்து, முகம் தடிக்கிறதா மெலிகிறதா என்று கவனிப்பவரின் கணிப்பே நிற்கும். இப்படிக் கணிக்கும் எல்லை இரண்டு, மூன்று மணி நேரம். வானிலைத் துறையின் உடனடி அறிவிப்புகள் மூன்று மணி நேரத்துக்கு என்று வரையறுக்கப்பட்டிருப்பதும் இதனால்தான்.

கிழக்கு வாசலில் இந்தக் கணக்கு வேறு வகையில் ஏமாற்றும். வங்கக் கடலில் நீண்ட பட்டைபோல மழைமேகங்கள் வரிசைகட்டி நிற்கும். பட்டைக்குள் இருக்கும் ஒவ்வொரு மேகமும் வேகமாகக் கரைக்கு வருகிறது. அரை மணியில் கடந்துபோய்விடும் என்று தோன்றும். ஆனால் பட்டை நகர்வதில்லை. ஒரு மேகம் கரையேறியதும் அதே பாதையில் கடலில் இன்னொன்று உருவாகி, ரயில் பெட்டிகள்போல ஒன்றன்பின் ஒன்றாக ஒரே ஊரின் மேல் வந்துகொண்டே இருக்கும். கவனிக்க வேண்டியது மேகத்தின் வேகத்தை அல்ல, பட்டையின் வேகத்தை. பெரும் மழைகளில் பலவும் இந்த நிற்றலால் வந்தவை. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், பல மணி நேரம் ஏறக்குறைய நகராமல் நின்றது. மயிலத்தில் ஒரு நாள் மழை 51 செ.மீ. என்று பதிவானது. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. அதே பொழுதில் மீனம்பாக்கத்தில் 35, நுங்கம்பாக்கத்தில் 29. ஒரே நகரத்தின் இரு அதிகாரபூர்வ நிலையங்களுக்கு இடையே 6 செ.மீ. வேறுபாடு, இன்னும் தெற்கே போனால் 20. 'சென்னையில் மழை' என்ற சொற்றொடர் எவ்வளவு பொத்தாம்பொதுவானது என்பதற்கு இந்த நான்கு எண்களே போதும். மாவட்டத்துக்கு ஒரு நிறம் பூசும் எச்சரிக்கை வரைபடத்தால் தொட முடியாத இந்த நுட்பத்தை ரேடார் தொடுகிறது.

முன்னறிவிப்பே தவறும் நாள்களும் உண்டு. 2021 டிசம்பர் 30 அன்று மிதமான மழை மட்டுமே எதிர்பார்க்கப்பட்டது; நண்பகலுக்குப் பின் தொடங்கிய மழை சில இடங்களில் 15 செ.மீ.-ஐத் தாண்டி, மாலையில் அலுவலகத்திலிருந்து திரும்பியவர்களைச் சாலையிலேயே நிறுத்திவிட்டது. கணினி மாதிரிகள் கோட்டைவிடும் இத்தகைய மழையை, அது வளரும் பொழுதில் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. துரைசாமி சுரங்கப்பாதை வழியாகப் போவதா, சுற்றிக்கொண்டு போவதா என்ற கேள்விக்கு அந்த ஒரு மணி நேரப் பார்வை போதும்.

ரேடாரின் பெருங்குறை பூமியின் வடிவத்தால் வருவது. அலை நேராகப் போகிறது; தரை வளைந்து கீழே இறங்குகிறது. அரை டிகிரி சாய்வில் கிளம்பும் கதிர் 100 கி.மீ. தொலைவில் ஒன்றரை கி.மீ. உயரத்தில் இருக்கும்; 200 கி.மீ.-இல் 4 கி.மீ.-ஐத் தாண்டிவிடும். கதிர் விரியவும் செய்கிறது: ஒரு டிகிரி அகலமுள்ள கதிர் 100 கி.மீ.-இல் 1.7 கி.மீ. அகலமாகிறது. அருகில் தெரு அளவுக்குத் துல்லியமாகத் தெரிவது தொலைவில் ஊர் அளவுக்கு மங்கிவிடும். பருவமழையின் குட்டை மேகங்கள் 200 கி.மீ.-க்கு அப்பால் கதிருக்குக் கீழேயே ஒளிந்துகொள்ளும். கடலில் ஒன்றும் இல்லை என்று நள்ளிரவில் படுத்தவர், ஓட்டின் மேல் சடசடவென்று கேட்டு விடியலில் எழுவது இப்படித்தான்.

இதன் கடுமையைத் தென் மாவட்டங்கள் அறியும். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த ஒரு நாளில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. காரைக்கால் ரேடாரிலிருந்து அந்த ஊர் 300 கி.மீ.-க்கு மேல், அங்கே கதிர் 8 கி.மீ. உயரத்துக்கும் மேலே போய்விடுகிறது. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் உள்ள ரேடார் அதைவிட அருகில் இருக்கிறது. ஆனால் நடுவே பொதிகை மலை நிற்கிறது. தாமிரபரணிக் கரையில் இருப்பவர் சென்னைக்காரரைப்போல ரேடாரை நம்பிக் குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போக முடியாது.

சென்னைக்கு இன்னொரு கண்ணும் உண்டு. பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவன வளாகத்தில் 2022 ஜனவரியில் ஓர் எக்ஸ்-பேண்ட் ரேடார் தொடங்கிவைக்கப்பட்டது. துறைமுக ரேடாரின் அலைநீளம் 10 செ.மீ. அளவு, இதனுடையது 3 செ.மீ. குட்டை அலை சிறு துளியையும் நுட்பமாகக் காணும். ஆனால் அடர்மழைக்குள் புகுந்தால் சீக்கிரம் களைத்துவிடும்; முன்னால் நிற்கும் கனமழை பின்னால் உள்ள மழையை மறைத்துவிடும். படத்தில் சிவப்புத் திட்டுக்குப் பின்னே விசிறிபோல வெறுமை தெரிந்தால் அங்கே வானம் தெளிந்திருக்கிறது என்று பொருளல்ல. இந்த இடத்தில் துறைமுக ரேடாரின் படத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மழையே இல்லாத எதிரொலிகளும் திரையில் வரும். உயரமான கட்டடங்கள், கடலில் நிற்கும் கப்பல்கள், பறவைக் கூட்டங்கள் எல்லாமே அலையைத் திருப்பி அனுப்பும். சில இரவுகளில் காற்றின் அடுக்குகள் அலையை வளைத்துத் தரையிலும் கடலிலும் மோதவிடும்; வானம் நட்சத்திரமாக இருக்க, திரையில் பெருமழை தெரியும். விடியலிலும் அந்தியிலும் சூரியன் இருக்கும் திசையில் ஒரு நேர்க்கோடு விழும். அது சூரியனின் சொந்த ரேடியோ அலை. பொய்யைக் கண்டுபிடிக்கும் வழி எளிது: மழை நகரும், உருமாறும். அடுத்தடுத்த படங்களில் ஒரே இடத்தில் ஒரே வடிவில் நிற்பதும், ஒரு படத்தில் தோன்றி மறு படத்தில் அடியோடு மறைவதும் பெரும்பாலும் மழையல்ல.

டாப்ளர் என்ற பெயர், 1842-இல் கிறிஸ்டியன் டாப்ளர் சொன்ன விளைவால் வந்தது. நெருங்கும் துளியிலிருந்து திரும்பும் அலையின் அதிர்வெண் கூடும். விலகும் துளியில் குறையும். இதனால் காற்றின் வேகப் படமும் கிடைக்கிறது. ரேடாரை நோக்கியோ விலகியோ போகும் அசைவு மட்டுமே அதில் பதியும். குறுக்கே அடிக்கும் காற்று, எவ்வளவு பலமானதாக இருந்தாலும், பூச்சியமாகவே தெரியும். புயல் நேரத்தில்தான் இந்தப் படத்துக்கு மவுசு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலின் கண் நகரத்தின் மேல் வந்தபோது காற்று ஓய்ந்தது. புயல் போய்விட்டது என்று நம்பி வெளியே வந்தவர்களை எதிர்த்திசைக் காற்று பிடித்துக்கொண்டது. ரேடாரில் நடுவே வெறுமையும் சுற்றிலும் வளையமும் தெரியும்போது, அந்த அமைதி பாதிப் புயல்தான் என்பது புரிந்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் மழையின் அளவைச் சொல்லும் உரிமை தரையில் இருக்கும் மழைமானிக்கே. ரேடார் அளவைப் பல ஆயிரம் சதுர கி.மீ.-க்கு ஒரே நேரத்தில் தருகிறது, ஆனால் மதிப்பீடாக. மானி ஒரே ஓர் இடத்தின் அளவைத் தருகிறது, ஆனால் கையால் தொட்டு. 'தமிழ்நாடு வெதர்மேன்' போன்ற ஆர்வலர்கள் பெற்றிருக்கும் நம்பிக்கைக்குப் பின்னால், ரேடார் நிறத்தையும் மானி எண்ணையும் பல பருவங்களாக ஒப்பிட்டுப் பார்த்த பழக்கம் இருக்கிறது.

நகரத்தின் மழையைத் தேடுபவர் நகரத்தை மட்டும் பார்ப்பதும் போதாது. அடையாற்றில் வரும் தண்ணீர் ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளிலிருந்தும், 3.645 டி.எம்.சி. கொள்ளும் செம்பரம்பாக்கத்திலிருந்தும் வருகிறது. கொசஸ்தலையாற்றின் வெள்ளம் பள்ளிப்பட்டுக்கும் அப்பால், ஆந்திர எல்லையிலேயே தொடங்குகிறது. ஒரு சதுர கி.மீ. பரப்பில் 1 செ.மீ. மழை என்றால் 1 கோடி லிட்டர். 2015 டிசம்பர் 1 பகலிலும் இரவிலும் தாம்பரத்துக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் மேலே பெய்தது, மறுநாள் சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் வீடுகளுக்குள் ஆறாக நுழைந்தது. அத்தகைய நாளில் நகரத்தின் மேல் நிறமே இல்லாத நேரடிப் படத்தைப் பார்த்து ஆறுதல் அடைவதில் பயனில்லை. திறக்க வேண்டியது 24 மணி நேர மழைத்திரட்சிப் படத்தை, பார்க்க வேண்டியது மேற்கே இருக்கும் ஏரிகளை.